வெளியே வராத 1147

அன்று காலையில் மட்டும் பதினோராவது தடவையாகச் சிப்பித்துறையில் கடல் ஏறியது. மூவாயிரம் பேரில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் பிழைத்துக்கொண்டார்கள். டெல்பினா டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "யாரு அந்த ஒருத்தன்?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

"அதே ஆளுதான் மேடம். 1147," என்றார் பொன்னுலிங்கம்.

மூவாயிரம் பேரும் திரையில் இருந்தார்கள். குச்சிக் கை, குச்சிக் கால், முகமில்லாத தலை. அலுவலகக் காகிதங்களில் இவர்களுக்கு ‘மாதிரி மக்கள்’ என்று மரியாதையான பெயர் உண்டு. பொன்னுலிங்கத்துக்கு அவர்கள் வெறும் சனம். கடலோரத்தில் எதையாவது கட்டுவதானால், முதலில் அதைக் கணினியில் எழுப்ப வேண்டும். சனத்தை உள்ளே இறக்கி, சாயங்காலம் ஆக்கி, மேடையில் ஒரு நாடகத்தை நடக்கவிட்டு, பாதி நாடகத்தில் அபாயச் சங்கை ஊதிக் கடலை ஏற்ற வேண்டும். வெளியே வந்தவர்கள் பச்சையாவார்கள். வராதவர்கள் சிவப்பாகிவிடுவார்கள். ஒரு சிவப்புகூட இல்லாமல் ஓடி முடிந்தால்தான் கரையோரக் கட்டட ஆணையம் அஸ்திவாரம் தோண்ட விடும்.

பொன்னுலிங்கம் முன்பு போக்குவரத்துக் கேமரா அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து ஊரைப் பார்த்தவர். நடையை வைத்தே இவன் கடன் கேட்கப் போகிறான், இவன் பெண் பார்க்கப் போகிறான் என்று சொல்லுவார். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். ஓய்வு பெற்று வீட்டில் மனைவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரை டெல்பினாதான் இந்த வேலைக்குக் கூட்டிவந்தாள்.

கட்டடத்தை வரைந்தவள் டெல்பினா. ஆறு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் ‘அலைவீதி’ என்று ஒன்று இருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே அதைப் பார்க்காதவர்கள் இல்லை. கடல் அலை மாதிரியே வளைந்து நெளிந்து, எங்கே பார்த்தாலும் தூணும் திருப்பமுமாக, எவனோ வெளியூர்க்காரன் வரைந்து நாலு பரிசு வாங்கிய கட்டடம். ஒரு சாயங்காலம் கடல் உள்ளே வந்தது. பரிசு வாங்கிய வளைவுகளில் எது வாசல் எது சுவர் என்று தெரியாமல் இருநூற்று எண்பத்தாறு பேர் செத்துப்போனார்கள்.

அதனால் டெல்பினா தன் வரைபடத்தில் மூன்றே உருவங்களை வைத்துக்கொண்டாள். நீரோரத்தில் நாடகத்துக்கும் கச்சேரிக்கும் ஒரு வட்டம். அதற்குப் பின்னால் பிள்ளைகள் ஓட, பெரியவர்கள் காற்று வாங்க, சுண்டல்காரர்கள் கடை போட ஒரு பெரிய சதுரம். மேலே படகுப் பாய் விரித்த மாதிரி முக்கோணக் கூரை, வாசல்களும் முக்கோணம். "உயிருக்கு ஓடுகிறவனுக்கு வட்டம் புரியும், சதுரம் புரியும், முக்கோணம் புரியும். நான்காவதாக ஒன்று புரியாது" என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். ஆணையத்தில் அதைப் படித்துவிட்டு மிகவும் மெச்சினார்கள். மெச்சியது வேறு, அனுமதி வேறு. அனுமதி வெள்ளிக்கிழமைக்குள் வாங்க வேண்டும், அன்று திங்கள்.

"வாசல அகலமாக்கியாச்சு. படிய எடுத்துட்டு சரிவு போட்டாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் அவனுக்கு?" என்றாள்.

"வாசல்ல ஒன்னும் கொற இல்ல மேடம். இவன் முதல்ல வெளியதான் வாரான். சனத்தோட சனமா வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பி உள்ள போறான். வேணும்னே போறான்."

"கோளாறா இருக்கும்."

"கோளாறுன்னா ஒருக்கா இப்பிடிப் போவான், ஒருக்கா அப்பிடிப் போவான். இவன் ஒரே மாதிரி போறான். இது நம்ம ஊர்க்காரன் மேடம், பொம்மை இல்ல."

மூவாயிரத்தில் பெரும்பாலானவை எண்ணிக்கைக்காகச் செய்த பொம்மைகள். சங்கு ஊதினால் எழுந்து, அருகிலிருக்கும் வாசலைப் பார்த்து, ஒழுங்காக ஓடும். ஊர்க்காரர்கள் அப்படி இல்லை. அலைவீதியில் இருநூறு கேமராக்கள் ஒரு வருடம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. யார் எப்படி நடப்பார், யாரோடு வருவார், எங்கே நின்று காத்திருப்பார் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தன. கடல் வந்த அந்த மாலையையும் எழுதி வைத்தன. பதிவுகள் வேறு ஊரில் பத்திரமாக இருந்தன. சங்கு ஊதியது அந்த ஒரு மாலையில்தான் என்பதால், சோதனைக்கு அந்த மாலையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அன்று ஒவ்வொருவரும் என்ன செய்ய நினைத்தாரோ, அதையே புதுக் கட்டடத்துக்குள், புது வழியில், செய்து பார்ப்பார்.

"எத்தன ஊர்க்காரங்க இருக்காங்க நம்ம சனத்துல?" என்று கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும்.

"இருநூத்தி எண்பத்தாறு."

டெல்பினா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

கடல் வந்த மறுவருடம் ஒரு சட்டம் போட்டார்கள். தன் நடையை அரசாங்கம் வைத்திருப்பது பிடிக்காதவர்கள் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தாலுகா அலுவலகத்தில் வெயிலில் வரிசை நின்றது. தப்பிப் பிழைத்த அத்தனை பேரும் வாங்கிக்கொண்டார்கள். டெல்பினாவும் நின்று வாங்கிக்கொண்டாள். வரிசைக்கு வர முடியாதவர்களின் பதிவு மட்டும் அரசாங்கத்திடம் மிஞ்சியது. செத்தவர்களின் சார்பில் யாரும் கையெழுத்துப் போட முடியாது என்று சட்டத்திலேயே இருந்தது.

ஆகவே தினமும் பதினொரு தடவை, பன்னிரண்டு தடவை கடலை ஏற்றிச் சோதிக்கும்போதெல்லாம், அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஏற்கெனவே ஒருமுறை மூழ்கியவர்கள். எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருப்பது ஒரு பழக்கம், அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அது கைவந்திருந்தது.

"கிட்ட கொண்டுவாங்க அவன," என்றாள் டெல்பினா.

பொன்னுலிங்கம் 1147-ஐப் பெரிதாக்கினார். முகமில்லாத ஒரு குச்சி மனிதன் சதுரத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தான். தோளை ஒரு பக்கம் இறக்கி, இடது குதிகாலைத் தேய்த்து, வேக வேகமாக. ஏழெட்டு எட்டு வைத்ததும் பாதி திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மறுபடி ஏழெட்டு எட்டு, மறுபடி பார்த்தான்.

டெல்பினா அவனைப் பதிமூன்று வருடம் பின்னாலிருந்து பார்த்தவள். கஸ்பாருக்கு மெதுவாக நடக்க வராது. அவளுக்கு வேகமாக நடக்க வராது. கல்யாணமான நாளிலிருந்து அவன் முன்னால் போவான், திரும்பித் திரும்பிப் பார்ப்பான், "வாரியாட்டி?" என்பான்.

"மூடுங்க," என்றாள். பொன்னுலிங்கம் மூடிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் அலுவலகம் வரவில்லை. புதன் காலையில் வந்து உட்கார்ந்ததும் பொன்னுலிங்கம் ஒரு தாளை நீட்டினார்.

"நேத்து சும்மாதான இருந்தேன். இவன் சிவப்பான எடத்தையெல்லாம் ஒன்னாப் போட்டுப் பாத்தேன் மேடம். நீங்க வரபடத்த மாத்த மாத்த இவன் போற எடமும் மாறுது. ஆனா எல்லாமே ஒரே எடந்தான். குடிதண்ணிக் குழாய். குழாய நீங்க எந்த மூலையில வச்சாலும் இவன் அங்க போய் நிக்குதான். அப்புறம் பக்கத்துல இருக்க கடையெல்லாம் எட்டிப் பாக்குதான். அதுக்குள்ள தண்ணி வந்துருது."

டெல்பினா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் குழாயை ஒட்டி இருந்தன. அவளுக்கு இனி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடல் வந்த அந்த மாலையை அவள் ஒருத்திதான் முழுசாக அறிவாள். அன்று ஒரு போட்டியின் முடிவு வந்திருந்தது. இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து அவள் வரைந்த பள்ளிக்கூடம் தோற்றுப்போயிருந்தது. கஸ்பார் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். ஒரு எஞ்சின் ஓடவில்லையென்றால் இன்னொன்று ஓடும் என்பது அவன் கணக்கு. "இதுக்குப் போயி மூஞ்சத் தூக்குதியே, அடுத்தது வரும்ட்டி" என்று சொல்லி அவளை நாடகத்துக்கு இழுத்துவந்தான். வந்த இடத்தில் கோமாளியைப் பார்த்து ஊருக்கே கேட்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தாங்கவில்லை. "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்தவள், குழாயைத் தாண்டி, மேற்கு வாசலைத் தாண்டி, ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். போனை அணைத்துப் போட்டாள். தேடட்டும் என்று நினைத்தாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்: கொஞ்சம் தேடட்டும்.

விசாரணையில் கேட்டார்கள். வாசல் வரை வந்தவர் ஏன் திரும்ப உள்ளே போனார்? பக்கத்தில் கஸ்பாரின் அக்கா நின்றுகொண்டிருந்தாள். டெல்பினாவின் வாயில் ஏதோ வந்தது. "பைக் சாவிய விட்டுட்டாரு. எடுத்துட்டு வாரேன்னு போனாரு. நான் முன்னால வந்துட்டேன்."

பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருடம் சட்டம் வந்ததும், அவள் மேற்கு வாசல் வழியே தனியாக வெளியே போன பதிவையும் அவளே கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டாள்.

"குழாயத் தூக்கி வெளிய வச்சுருவோம். வாசலுக்கு அந்தாண்ட," என்றாள் இப்போது.

வைத்தார்கள். சங்கு ஊதியது. 1147 சனத்தோடு வெளியே வந்தான், குழாயடிக்குப் போனான், பாதுகாப்பு எல்லையான பச்சைக்கோட்டில் நின்றான். டெல்பினா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவன் அரை நிமிடம் நின்றான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு எதிரே வந்த கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"அடப் பாவி," என்றார் பொன்னுலிங்கம், திரையைப் பார்த்து.

அவள் விடவில்லை. முக்கோணக் கூரையைத் தாங்கிய உள்தூண்களை எல்லாம் எடுத்தாள். பாரத்தை மூன்று மூலைகளுக்குத் தள்ளினாள். வட்டத்தை ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு தூக்கினாள். சதுரத்தின் எந்த மூலையில் நிற்பவனும் வட்டத்தில் ஏறலாம், ஏறியவனுக்கு நாலு வாசலும் வெளிச்சாலையும் தெரியும். கணக்குப் பார்த்தால் கட்டடம் முன்பைவிட எளிதாகிவிட்டது. ஒரு கூரை, ஒரு திடல், நீரோரத்தில் ஒரு மேடு. பள்ளிக்கூடப் பிள்ளைகூட வரைந்துவிடும்.

1147 மேட்டில் ஏறினான். நின்று நாலு பக்கமும் பார்த்தான். முதல் அலை காலுக்குக் கீழே போயிற்று. அவன் நனையவில்லை. எல்லோரும் வெளியே போய், திடல் காலியாகி, அவன் மட்டும் நின்றான். பிறகு இறங்கித் தேட ஆரம்பித்தான். இரண்டாவது அலை அவனைக் கொண்டுபோயிற்று.

"இவனுக்குக் கட்டடம் ஒன்னும் பண்ணாது மேடம்," என்றார் பொன்னுலிங்கம். "தேடுத ஆளு கண்ணுல பட்டாத்தான் இவன் அடங்குவான். அந்த ஆளு நம்ம சனத்துலயே இல்ல. இவனோட சேந்து வந்தது 1148. அது காலியாக் கெடக்கு. உயிரோட இருக்காங்க போல. பதிவ வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவருக்குத் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று மதியம் ஆணையத்திலிருந்து அதிகாரி பேசினார். நல்ல மனிதர். குழப்பம் வேண்டாமே என்றார். "ஒரே ஒரு உருவம்தானேம்மா? பிழை உருவம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ஒரு கட்டடத்துக்கு ஒண்ணு அழிக்க விதியில இடமிருக்கு. அழிச்சாச்சுன்னா எங்கேயும் இருக்காது, நூத்துக்கு நூறு வந்துரும். இன்னொரு வழி, காலியா இருக்கிற அந்த 1148 பதிவை உரியவங்க வந்து திரும்பக் கொடுக்கணும். யாரு கொடுப்பா? கொடுத்தா மறுபடி வாங்க முடியாது. இறந்தவரோட குடும்பத்துக்கும் நோட்டீஸ் போகும், யாரு, எத்தனை மணிக்கு வெளியே போனாங்கன்னு. எவ்வளவு தொந்தரவு."

"சரி சார்," என்றாள். அழிப்புப் படிவம் மேசைக்கு வந்தது. அரைப் பக்கம்தான், ஒரே ஒரு கையெழுத்து.

பேனாவை எடுத்தபோது வாசலில் பிரகாசி வந்து நின்றாள். கஸ்பாரின் அக்கா. ஐஸ் ஆலையில் மேஸ்திரி வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தாள், கையெல்லாம் குளிர்ந்து சிவந்து கிடந்தது.

"ஏட்டி டெல்பி, ஞாயித்துக்கிழம நெனவுப் பூசைக்கு வாரியா, இல்ல இந்த வருசமும் வேலையா?"

"வாரேன் மைனி."

"எனக்கு வர மனசில்ல. அந்தச் சாமியாரு இந்த வருசமும் பிரசங்கத்துல அவனத்தான் இழுப்பாரு. ஒரு சாவிக்காக உயிரை விட்டவனப் பாருங்க, பொருள் மேல ஆச வச்சா இப்பிடித்தான்னு. சனமெல்லாம் திரும்பி என்னப் பாக்கும். எம் பேத்திய பள்ளிக்கூடத்துல சாவிக்காரன் வீட்டுப் பிள்ளன்னு சொல்லுதாங்களாம்." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நானும் ஆறு வருசமா யோசிச்சுப் பாக்கேன். சின்னதுல கையிலருந்து காசு விழுந்தாக்கூடக் குனிஞ்சு எடுக்க மாட்டான், கெடக்கட்டும்க்கா போ-ன்னு போயிருவான். அவன் எப்பிடிட்டி ஒரு பழைய பைக்குச் சாவிக்காவ உள்ள போனான்? அவ்வளவு கிறுக்கனா எந் தம்பி?"

டெல்பினா படிவத்தை ஒரு கோப்புக்கு அடியில் தள்ளினாள். பிரகாசி பதிலை எதிர்பார்க்கவில்லை; ஆறு வருடமாகக் கேட்டுக்கேட்டு அது கேள்வியாக இல்லாமல் போயிருந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா? காஞ்ச கருவாடு மாதிரி இருக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழுகை வரும் என்று டெல்பினா எதிர்பார்த்தாள். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஒரு மனிதனை ஒருமுறை தேடவிட்டுக் கொன்றாயிற்று. பிறகு ஊர் முழுக்க அவனைக் கிறுக்கனாக்கியாயிற்று. இப்போது பிழை என்று கையெழுத்துப் போட்டு மிச்சத்தையும் துடைத்துவிட்டால் வேலை சுத்தமாக முடிந்துவிடும். இவ்வளவு எளிதாக முடியும் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

படிவத்தை நாலாகக் கிழித்தாள். "பொன்னுலிங்கம் சார், பதிவத் திரும்பக் குடுக்குத தாள் இருக்கா?"

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் எழுதுவதைத் தலைகீழாகப் படித்தார். 1148, அதற்கு நேரே பெயர். நெடுநேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீ சொல்லட்டா மேடம்?" என்றார் கடைசியில்.

"சொல்லுங்க," என்றாள்.

நோட்டீஸ் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. சர்க்கார் வேலையில் இது ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு விரசாக நடக்கிறது என்று டெல்பினா நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. பிரகாசி ஐஸ் ஆலை ரப்பர் செருப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். கையில் அந்தத் தாள்.

"ஆறு அம்பத்திரெண்டுக்கு நீ வெளிய போயிருக்க."

"ஆமா மைனி."

"சங்கு ஊதுனது ஏழு முப்பத்தஞ்சுக்கு."

"ஆமா."

"அவங்கூட வாசல் வரைக்கும் வந்தேன்னு சொன்ன."

"பொய் மைனி. சாவின்னு ஒன்னும் இல்ல. கோவிச்சுக்கிட்டு அவருட்ட சொல்லாமப் போயிட்டேன். அவரு என்னத் தேடித்தான் உள்ள போனாரு."

பிரகாசி கையை ஓங்கினாள். பொன்னுலிங்கம் எழுந்துவிட்டார். ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. டெல்பினா விலகவில்லை, விழட்டும் என்றுதான் காத்திருந்தாள். அது விழவில்லை, தானாகவே இறங்கியது. அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவன் கிறுக்கன் இல்ல," என்றாள் பிரகாசி. சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது. "ஆறு வருசம்ட்டி. ஆறு வருசமா எந் தம்பிய நானே ஏசிக்கிட்டுக் கெடந்தேன். கல்லறையில போய் நின்னுக்கூட ஏசுனேன்."

"தெரியும் மைனி."

"தெரிஞ்சும் பேசாம நின்ன."

"ஆமா."

பிரகாசி திரையைப் பார்த்தாள். "இதுக்குள்ளதான் இருக்கானா? தாள்ல என்னமோ எழுதிருக்கே. காட்டு. எந் தம்பியக் காட்டு."

பொன்னுலிங்கம் டெல்பினாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். சனத்தை இறக்கினார்.

சாயங்காலமாயிற்று. வட்டத்தின் ஓரத்தில், படியில், இரண்டு குச்சி உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. ஒன்று முன்னும் பின்னும் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. பிரகாசி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் காட்டித்தரத் தேவைப்படவில்லை.

இன்னொன்று எழுந்தது. தன் நடையை டெல்பினா அதுவரை வெளியிலிருந்து பார்த்ததில்லை. இவ்வளவு விறைப்பாக நடப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. 1148 குழாயடிக்குப் போனது, நிற்கவில்லை. திடலைக் குறுக்கே கடந்து, மேற்கு முக்கோணத்தின் வழியே வெளியேறி, சாலையோரத்தில் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போனது.

1147 கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்து இடத்தைப் பார்த்தான். எழுந்தான். நாலு எட்டில் மேட்டின் உச்சிக்கு ஏறி நின்றான். தூண் இல்லை, திருப்பம் இல்லை. திடல் முழுக்கத் தெரிந்தது. சாலை தெரிந்தது. மேற்கே பார்த்தபோது அவன் தோள் இறங்கியது. அவள் ஆட்டோவில் ஏறுவதை அவன் பார்த்துவிட்டான்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு இறங்கி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தான். மறுபடி சிரிக்கவில்லை. நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கு ஊதியது. சனம் எழுந்தது. 1147 எழுந்து, அவர்களோடு சேர்ந்து, கிழவி ஒருத்தியை முன்னால் விட்டு, வாசலைக் கடந்து, பச்சைக்கோட்டைக் கடந்து, சாலையில் ஏறி, வீடு இருக்கும் பக்கமாக நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால், காலியான திடலில், கடல் ஏறியது.

திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. பொன்னுலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூவாயிரத்து ஒன்னு," என்றார். "எல்லாரும் வெளிய வந்தாச்சு மேடம்."

பிரகாசி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவுதானா? நீ போயிட்டன்னு தெரிஞ்சாப் போதுமா அவனுக்கு?"

"போதும் மைனி," என்றாள் டெல்பினா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வராமல் இருந்த அழுகை அப்போதுதான் வந்தது. "நான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தாலும் போதும்."

பிரகாசி அவளைத் தூக்கவில்லை, ஏசவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். "இன்னொருக்கா போடுங்க அண்ணாச்சி. அவன் வெளிய வாரத மட்டும்," என்றாள். பொன்னுலிங்கம் போட்டார். அவள் கேட்கக் கேட்க நாலு தடவை போட்டார்.

பதினொரு மணிக்கு ஆணையத்திலிருந்து அனுமதி வந்தது. கூடவே இன்னொரு தகவலும் இருந்தது. சிப்பித்துறையின் மாதிரி மக்கள் தொகுப்பு இப்போது முழுமையாகிவிட்டதாம். மற்ற கரையோரத் திட்டங்களுக்கும் இதையே அனுப்பப்போகிறார்களாம். பொன்னுலிங்கம் சத்தமாகப் படித்துவிட்டு, படித்திருக்கக் கூடாதோ என்று விழித்தார்.

"என்னதுட்டி அது?" என்றாள் பிரகாசி. "அனுப்புததுன்னா? இவன் இனி எங்க போவான்?"

"கடலூருக்கு. அங்கயும் ஒரு அரங்கம் கட்டுதாங்க. அதுக்குள்ள இறக்கி விட்டுத் தண்ணிய ஏத்திப் பாப்பாங்க. அப்புறம் வேற ஊரு."

"அங்க இந்த மாதிரி ஏறிப் பாக்க மேடு உண்டா?"

"தெரியல மைனி. வேற ஆளு வரையுதாங்க."

பிரகாசி எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வாசலருகே போய் நின்றாள்.

"நீயும் போவியோ அவங்கூட?"

"ஆமா. இனி என்ன வெளிய எடுக்க முடியாது."

"அங்கயும் அவங்கிட்ட சொல்லாமத்தான் எந்திரிச்சுப் போவியா?"

"ஆமா மைனி," என்றாள் டெல்பினா.